இந்த வயசுல மார்பு ஆபரேஷன் தேவையா?

கொஞ்சம் நீளமான இழை. நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கும், அவங்க வீட்ல இருக்கிறவங்களுக்கும்.

ஆண்களுக்கு மார்பு பெருத்துப்போறதை கைனகோமாஸ்டியான்னு சொல்றோம். வயசுக்கு வர்ற பருவத்துல ஏறக்குறைய பாதிப் பசங்களுக்கு இது கொஞ்சமாவது வரும், ஒண்ணு ரெண்டு வருஷத்துல பெரும்பாலும் தானா அடங்கிடும். சிலருக்கு அடங்காது. அவங்கதான் குற்றாலத்துல பனியனோட குளிக்கிறவங்க. திருச்செந்தூர்ல சட்டையைக் கழட்டணுமேன்னு குடும்பத்தை மட்டும் உள்ளே அனுப்பிட்டு, வெளியே செருப்புக்குக் காவல் நிக்கிறவங்க. சித்திரை வெயில்லயும் சட்டைக்குள்ள ரெண்டு பனியன் போடறவங்க.

இப்படியே 25, 30 வருஷம் ஓட்டிட்டு, பிள்ளைங்க காலேஜ் போனப்புறம், சுகர் மாத்திரை வாங்க வந்த சாக்குல, கதவு வரைக்கும் போய்த் திரும்பி "டாக்டர், இதை ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா"ன்னு கேட்பாங்க.

வீட்ல சொன்னா என்ன பதில் வரும்னு அவங்களுக்கே தெரியும். "பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது, உனக்கு இப்ப அழகு கேக்குதா?" அதே மனுஷன் அம்பது வயசுல தலைக்கு டை அடிச்சா யாரும் ஒண்ணும் சொல்றதில்லை. பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்ச கேலியை ஒருத்தர் இன்னும் சுமந்துட்டு இருக்கார்னா, அதை இறக்கி வைக்க வயசு வரம்பு எதுக்கு? ஆசைப்படறது தப்பே இல்லை. இது என் கருத்து.

ஆனா ஆபரேஷன் தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்கு பதில் வேணும். இது எப்ப வந்தது?

பதினஞ்சு வயசுலேர்ந்து இருக்கு, அப்படியே இருக்கு, வளரலைன்னா பெரிய பயமில்லை. இத்தனை வருஷம் ஆன சுரப்பித் திசு தழும்பு மாதிரி இறுகிப்போயிருக்கும். மாத்திரைக்கும் கரையாது, தண்டால் எடுத்தாலும் கரையாது. இவங்களுக்கு ஆபரேஷன்தான் சரியான வழி.

போன வருஷம் வரைக்கும் இல்ல, இப்பத்தான் வருதுன்னா கதை வேற. நடுவயசுல புதுசா வர்ற மார்பு, உடம்புக்குள்ள வேற எதுவோ நடக்குதுன்னு சொல்ற சேதியா இருக்கலாம். அதைக் கேட்காம சதையை மட்டும் வெட்டி எடுக்கிறது, புகை வருதுன்னு ஜன்னலைச் சாத்துற மாதிரி.

முதல்ல மாத்திரைகளைப் பாருங்க. இதய பலவீனத்துக்கும், ஈரல் கெட்டு வயித்துல நீர் கோத்தவங்களுக்கும் கொடுக்கிற ஸ்பைரோனோலாக்டோன் இதுக்குப் பேர்போனது. முடி கொட்டுறதுக்கும் புராஸ்டேட்டுக்கும் தர்ற ஃபினாஸ்டரைடு, டுடாஸ்டரைடு, மனநோய்க்கான ரிஸ்பெரிடோன், இதயத்துக்கான டிஜாக்சின்னு பட்டியல் நீளம். மாத்திரையாலன்னா, வந்த புதுசுலயே மருந்தை மாத்தினா சில மாசத்துல வத்திடும். ஸ்பைரோனோலாக்டோனுக்குப் பதிலா எப்ளரினோன் இருக்கு. அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க. மார்பு குறையும், மூச்சு வாங்கும்.

அடுத்தது குடி. டாஸ்மாக் உபயத்துல ஈரல் சுருங்கினவங்களுக்கு ஆண் ஹார்மோன் குறைஞ்சு பெண் ஹார்மோன் பக்கம் தராசு சாயும். அப்புறம் சிறுநீரகச் செயலிழப்பு, தைராய்டு, ஜிம்முல போட்டுக்கிற ஸ்டீராய்டு ஊசி, உள்ளே என்ன இருக்குன்னே தெரியாத ஆண்மை லேகியம். அபூர்வமா விரைல கட்டி. அதனால உங்க டாக்டர் மார்பைக் காட்டச் சொன்னதோட நிறுத்தாம விரையையும் பார்க்கணும்னு சொன்னா கூச்சப்படாதீங்க. அவர் வேலையை ஒழுங்கா செய்றார்.

இன்னொரு பக்கம், பலருக்கு இது கைனகோமாஸ்டியாவே இல்லை, வெறும் கொழுப்பு. மல்லாந்து படுத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ரெண்டு பக்கத்துலேர்ந்து காம்பை நோக்கி மெதுவா அழுத்தி வாங்க. காம்புக்கு நேர் கீழே ரப்பர் வில்லை மாதிரி தட்டுப்பட்டா சுரப்பி. எங்கேயும் ஒண்ணும் தட்டாம மெத்துனு போச்சுன்னா கொழுப்பு. எடை குறைச்சா ஓரளவு குறையும்.

ஒரே பக்கம், காம்பை விட்டு விலகி, கல்லு மாதிரி கட்டி இருந்தாலோ, காம்பு உள்ளே இழுத்திருந்தாலோ, ரத்தம் கசிஞ்சாலோ, அக்குள்ல நெறி கட்டினாலோ அந்த வாரமே வாங்க. மார்பகப் புற்றுநோய்ல ஏறக்குறைய 100-ல 1 ஆணுக்கு வருது. ஆம்பளைக்கு அதெல்லாம் வராதுன்னு நம்பித்தான் முத்திப்போய் வர்றாங்க.

சரி, எல்லாம் பார்த்தாச்சு, ஆபரேஷன்தான்னு முடிவு. காம்பைச் சுத்தின கருப்பு வட்டத்தோட ஓரத்துல சின்னதா கீறி சுரப்பியை எடுப்பாங்க, சுத்தி இருக்கிற கொழுப்பை குழாய் விட்டு உறிஞ்சுவாங்க. இருபது வயசுத் தோல் தானா சுருங்கிக்கும். நாற்பத்தஞ்சு வயசுத் தோல் அவ்வளவு சுருங்காது. அதனால விளம்பரத்துல வர்ற பையனோட நெஞ்சு உங்களுக்கு வராது. உள்ளே ரத்தம் கட்டலாம், நீர் சேரலாம், காம்புல உணர்ச்சி மரத்துப்போகலாம். அதிகமா எடுத்துட்டா பள்ளம் விழும். சுகரும் பிரஷரும் கட்டுக்குள்ள இருக்கணும். பீடி சிகரெட்டை சில வாரம் முன்னாடியே விடணும்.

அப்புறம் நாலு முதல் ஆறு வாரம் இறுக்கமான பனியன். நம்ம ஊரு அக்னி நட்சத்திரத்துல அது தண்டனை. முடிஞ்சா ஐப்பசிக்கு அப்புறம் வச்சுக்கோங்க. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவர்னா ஒரு மாசத்துக்கு மேல கூலி போகும். பேக்கேஜ் விலைல அந்தக் கணக்கு இருக்காது.

"காலைல வந்து சாயங்காலம் போயிடலாம்"னு ரீல்ஸ் போடற இடங்களைப் பத்தியும் சொல்லணும். 2016-ல சென்னையில முடி நடவு செஞ்சுக்கிட்ட 22 வயசு மாணவர் இறந்துபோனார். அவரே எம்பிபிஎஸ் இறுதியாண்டு. சின்ன ஆபரேஷன்னு நாம சொல்லிக்கலாம், மயக்க மருந்துக்கு அது தெரியாது. அதனால கேளுங்க: கத்தி பிடிக்கப்போறவர் பிளாஸ்டிக் சர்ஜரி படிச்சவரா? மயக்க மருந்து டாக்டர் கடைசி வரைக்கும் கூட இருப்பாரா? ஏதாவது ஆனா எந்த ஐசியு? எடுத்த சதை பயாப்சிக்குப் போகுமா? கடைசிக் கேள்விக்கு முழிச்சாங்கன்னா எழுந்து வந்துடுங்க.

காசு இல்லைன்னு ஒதுங்கவும் வேணாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைல பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கு. தீக்காயமும் விபத்தும் முன்னாடி போகும், காத்திருக்க வேண்டியிருக்கும். முப்பது வருஷம் காத்திருந்தவங்களுக்கு இன்னும் சில மாசம் பெரிசில்லை.

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் இருக்கிறவங்க முதல்ல உங்க ஊர் அரசு மருத்துவமனைலயே காட்டலாம். வரும்போது சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு மஞ்சப்பைல போட்டு எடுத்துட்டு வாங்க. வீட்டுக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருக்கிற லேகிய டப்பாவையும் சேர்த்து.