வயலில் குழி போட்டு வெடி வைப்பது எதற்கு? பூமிக்கு 'காது' வைக்கும் சர்வே!

திருக்கடையூர்,

வயலில் ஒயர் இழுக்கிறார்கள். குழி போட்டு வெடி வைக்கிறார்கள். சில நாளில் மூட்டை கட்டி போய் விடுகிறார்கள். டெல்டா விவசாயிகள் பலரும் பார்த்த காட்சி இது. "அடியில அப்படி என்னதான் பார்க்குறாங்க?" என்பதுதான் பலரது கேள்வி.

இதற்கு பெயர் சீஸ்மிக் சர்வே. காவிரி படுகையில் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் 60 ஆண்டுகளுக்கும் மேலாக எண்ணெய் தேடி வருகிறது. 1980-களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது.

எதிரொலி கணக்கு

வெடியின் அதிர்வு பூமிக்குள் போகும். மணல், களிமண், பாறை என அடுக்கு மாறும் இடத்தில் ஒரு பகுதி மோதி திரும்பும். தரையில் குத்தி வைத்த ஜியோபோன் கருவிகள் அதை பிடிக்கும். வினாடிக்கு 2 கி.மீ. வேகத்தில் போன அதிர்வு 2 வினாடியில் திரும்பினால், அந்த அடுக்கு 2 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது என்று கணக்கு.

மேளத்துக்கு நடுவே மந்திரம்

ஆனால் திரும்பி வரும் சத்தம் ரொம்ப மெல்லியது. பம்ப்செட், பஸ், காற்று எல்லாம் அதோடு கலந்து விடும். வெடியே கிளப்பும் மேல்மண் அதிர்வு இன்னும் பெரிய தொல்லை.

திருக்கடையூர் கோவிலில் ஒரே நேரத்தில் பல ஜோடிகளுக்கு அறுபதாம் கல்யாணம் நடக்கும். அத்தனை மேளத்துக்கும் நடுவே நம் வீட்டு மந்திரத்தை கேட்பது மாதிரிதான் இது.

இதற்கு வழி என்ன? பூமிக்கு அடியில் உள்ள ஒரே இடத்தை பல வெடிகளில் பதிவு செய்து, நேரத்தை சரிசெய்து ஒன்றாக கூட்டுவார்கள். எதிரொலி ஒரே நேரத்தில் விழுவதால் வலுவாகும். இரைச்சல் தாறுமாறாக வருவதால் அடிபட்டு போகும். 16 பதிவுகளை கூட்டினால் தெளிவு சுமார் 4 மடங்கு உயரும். மேல்மண் அதிர்வு மெதுவாக, தாழ்ந்த ஒலியில் வருவதால் அதையும் தனியாக பிரிக்கலாம்.

படம் மட்டும் போதாது

இத்தனை செய்தாலும் கிடைப்பது அடுக்குகளின் படம் மட்டுமே. எண்ணெய் தேங்க வாய்ப்புள்ள இடத்தை அது காட்டும். எண்ணெய் இருக்கிறதா என்று உறுதியாக அறிய கிணறு தோண்டியே ஆக வேண்டும். இரைச்சலை எதிரொலி என்று நம்பினால் வெறும் கிணறுதான் மிஞ்சும். அதற்குள் ஒரு வயல் போயிருக்கும்!

விவசாயிகள் கவனத்துக்கு

2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல சட்டம், புதிதாக எண்ணெய், எரிவாயு ஆய்வு செய்வதற்கும், கிணறு தோண்டி எடுப்பதற்கும் தடை போட்டது. அப்போது நாகை மாவட்டத்தில் இருந்த திருக்கடையூர் பகுதியும் இதில் அடக்கம். ஆனால் ஏற்கனவே நடந்து வந்த பணிகளை இந்த சட்டம் தொடவில்லை.

எனவே வயலில் ஒயர் இழுக்க யாராவது வந்தால், "இது பழைய பணியா, புதிய ஆய்வா? அனுமதி கடிதம் எங்கே?" என்று கேட்பதே முதல் வேலை. சர்வேயும் எண்ணெய் தேடலின் முதல் படிதான் என்பது குறிப்பிடத்தக்கது.