பத்து நிமிடம் விடை சொல்லாமல் இருப்போமா?



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு வாப்பா எங்களைப் பிடித்துக்கொண்டார். "சேர், மகன் எந்நேரமும் போனும் கேமும்தான். நாங்க சொன்னாக் கேக்கிறானில்ல. நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம். ஆனால் வீடு வரும் வரைக்கும் மனதில் ஒரு உறுத்தல். நாங்களும் கேம் விளையாடிய ஆட்கள்தான். அதிலே ஒரு கேமிடம் படித்த பாடத்தை இன்றைக்கும் வகுப்பில் வைத்திருக்கிறோம். அதைச் சொல்லாமல் பிள்ளைக்கு மட்டும் புத்தி சொல்வது நியாயமில்லை.

கல்வியியற் கல்லூரி விடுதிக் காலம். இஷாவுக்குப் பிறகு ஐந்தாறு பேர் ஒரு பழைய லெப்டொப்பைச் சுற்றி உட்காருவோம். அதில் ஓடியது "த லெஜெண்ட் ஒஃப் செல்டா". 1986 பெப்ரவரி 21இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்டது. எங்களில் முக்கால்வாசிப் பேரை விட வயதில் மூத்தது. படமென்று பார்த்தால் சதுரம் சதுரமாக ஒரு பொடியன், பச்சைத் தொப்பி, அவ்வளவுதான்.

அந்த விளையாட்டு தொடங்கும் விதம்தான் எங்களைப் பிடித்தது. பொடியன் ஒரு வெட்டவெளியில் நிற்கிறான். கையில் வாளில்லை. எங்கே போ, என்ன செய் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு குகை வாசல். உள்ளே போனால் ஒரு முதியவர் மரவாள் ஒன்றைத் தருவார். போகாமல் தாண்டினால் வாளில்லாமல் அலைய வேண்டியதுதான்.

நிலப்பரப்பு மொத்தம் 128 திரைகள், அகலத்தில் 16, நீளத்தில் 8. நாங்கள் சதுரக் கோட்டுக் கொப்பியில் 128 கட்டம் கீறி, போன இடமெல்லாம் குறித்தோம். எந்தப் பற்றையை எரித்தால் படிக்கட்டு வரும், எந்தப் பாறையை வெடி வைத்தால் வழி திறக்கும் என்பதற்கு ஒரு அடையாளமும் கிடையாது. தொலைந்துபோகும் காடு ஒன்று இருக்கிறது. நடக்க நடக்க அதே மரங்கள் திரும்பத் திரும்ப வரும். இரண்டு இரவு அதற்குள்ளேயே சுற்றினோம். கடைசியில் ஒரு கிழவியிடம் காசு கொடுத்துத்தான் வழி கேட்டோம்: வடக்கு, மேற்கு, தெற்கு, மேற்கு. (அந்த விளையாட்டில் காசுக்குப் பெயர் "ரூப்பி". அதற்கே ஒரு கிழமை சிரித்தோம்.)

இன்றைக்கும் அந்த வரிசை எங்களுக்கு மறக்கவில்லை. கல்லூரியில் பாடமாக்கி எழுதிய எத்தனையோ வரைவிலக்கணங்கள் மறந்துபோய்விட்டன.

அதை உருவாக்கியவர் சிகெரு மியமோட்டோ. கியோட்டோ பக்கம் சோனொபே என்ற நாட்டுப்புறத்தில் வளர்ந்தவர். சிறுவனாகக் காடு மேடெல்லாம் திரிந்து, ஒரு நாள் ஒரு குகையைக் கண்டு, பிறகு விளக்கோடு உள்ளே போய்ப் பார்த்தவர். அந்த உணர்வைத்தான் விளையாட்டாக்கினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். முதலில் சோதித்துப் பார்த்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் குழம்பினார்களாம். அவர் இலேசாக்கவில்லை. ஆரம்பத்தில் கையில் கொடுத்திருந்த வாளையும் எடுத்துவிட்டார். விளையாடுகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசி, கேட்டு, தேடட்டும் என்பதற்காக.

ஒரு ஆசிரியர் இதை விட நல்ல பாடக்குறிப்பு எழுத முடியுமா?

கிட்டத்தட்ட 40 வருடமாகியும் அது சாகாமல் இருப்பதற்குக் காரணம் பழைய ஞாபகம் மட்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. நாங்கள் அதைச் சின்ன வயதில் கண்டதே இல்லையே! பிடித்தது ஏனென்றால், அது எங்களை முட்டாளாக நடத்தவில்லை. "உன்னால் கண்டுபிடிக்க முடியும்" என்று நம்பி விட்டுவிட்டது.

இப்போது போனில் ஓடும் பல விளையாட்டுகளைப் பாருங்கள். திரையில் அம்புக்குறி, இங்கே தொடு, அங்கே போ. நாளைக்கு வராவிட்டால் பரிசு போய்விடும். தோற்றால் காசு போட்டு வாங்கு. முடிவென்றே ஒன்றில்லை. எங்கள் மாணவன் ஒருவன் உம்மாவின் போனில் போட்ட ரீலோட் முழுவதையும் இப்படி ஒன்றில் கரைத்துவிட்டு, பயத்தில் இரண்டு நாள் பாடசாலைக்கே வரவில்லை. செல்டாவுக்கு ஒரு முடிவு இருக்கிறது. முடித்தால் மூடி வைத்துவிட்டுத் தூங்கலாம். எல்லாக் கேமையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது சரியில்லை என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் குற்றத்தைக் கேமில் மட்டும் போட்டுவிட்டு நாம் தப்ப முடியாது. அம்புக்குறி போட்டுப் பிள்ளை வளர்ப்பது நாமும்தான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் என்றால் மூன்றாம் தரத்திலேயே டியூஷன். பாஸ் பேப்பருக்கு மேல் பாஸ் பேப்பர். கேள்வி என்னவென்று பிள்ளைக்கு விளங்கு முன்பே விடை எத்தனையாம் இலக்கம் என்று பழக்கிவிடுகிறோம். பிறகு ஏழாம் தரத்தில் ஒரு புதிய கேள்வி கேட்டால், வகுப்பே பேனையைத் தூக்கி வைத்துக்கொண்டு, சேர் எப்போது கரும்பலகையில் எழுதுவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. இதில் எங்களுக்கும் பங்கிருக்கிறது. மறுக்கவில்லை.

போன தவணை ஒரு பரீட்சார்த்தம் செய்தோம். விடுதிக் கொப்பி ஞாபகத்தில், ஏழாம் தரத்துக்கு ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, "உங்களுக்குத் தெரிந்த இடத்தைப் படமாகக் கீறுங்கள்" என்றோம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. முதல் பத்து நிமிடம் "சேர், எப்படிக் கீறுற?" என்ற சத்தம்தான். வாயைத் திறக்காமல் நிற்பது எங்களுக்கே கஷ்டமாக இருந்தது.

புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் வராத ஒரு பிள்ளை, வாப்பாவோடு நண்டு வலைக்குப் போகிறவன், களப்பையே கீறிக்கொண்டு வந்தான். எருமைத்தீவு, இப்பன்தீவு, கண்டல் காடு, ஆழமான ஓடை, காற்றாலைகளை எந்தப் பக்கம் வைத்துக்கொண்டு திரும்ப வேண்டும், எல்லாம் இருந்தது. ஓரிடத்தில் புள்ளி வைத்திருந்தான். இது என்னவென்று கேட்டோம். "வத்து நேரம் அதுல வள்ளம் தட்டும் சேர்" என்றான். எங்களுக்குத் தெரியாது. வகுப்பில் முதல் மூன்று இடமும் எடுக்கிற பிள்ளைகளுக்கும் தெரியாது. அன்றைக்கு முழு வகுப்பும் அவனைச் சுற்றி நின்று கேள்வி கேட்டது. இத்தனை நாளும் அவனை "மெல்லக் கற்போர்" பட்டியலில் வைத்திருந்தது நாங்கள்தான்.

தேடிப் போவது நமது ஊருக்குப் புதிதல்ல. 1344இல் இப்னு பதூதா இறங்கிய "பத்தாலா" நமது புத்தளம்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தியிடம் அவர் கேட்டது பாவா ஆதம் மலைக்குப் போக வழி. மன்னர் பல்லக்கும், அந்த மலைக்கு வருடா வருடம் போய்ப் பழகிய யோகிகளையும் துணைக்குக் கொடுத்தார். துணை கிடைத்தது, ஆனால் பயணத்தை அவர்தான் செய்தார். குகைக்குள் இருந்த முதியவரும் வாளைத்தான் தந்தார். விளையாடியது நாங்கள். பெற்றோரும் ஆசிரியரும் நிற்க வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறோம்.

சிலர் கேட்பீர்கள்: "பரீட்சை இருக்கே சேர், இதெல்லாம் மார்க்ஸ் தருமா?" நியாயமான கேள்வி. டியூஷனை நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளையைக் களப்பில் தனியே விடுங்கள் என்றும் சொல்லவில்லை. எந்தக் கேம் கூடும், எது கூடாது என்ற மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது மூன்று சின்ன விடயம்:

1. பிள்ளை கணக்கில் மாட்டிக்கொண்டால் பத்து நிமிடம் விடை சொல்லாமல் பக்கத்தில் இருங்கள். யூடியூப்பும் திறக்க வேண்டாம்.

2. போன் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், முடிவுள்ள, காசு கேட்காத, தேடிக் கண்டுபிடிக்கிற விளையாட்டாகப் பார்த்துக் கொடுங்கள். முடிந்தால் கூட உட்கார்ந்து விளையாடுங்கள். சுற்றி ஐந்தாறு பேர் இல்லாவிட்டால் அந்தக் காட்டில் நாங்கள் இரண்டாம் இரவு வரை தாக்குப்பிடித்திருக்க மாட்டோம்.

3. விடுமுறைக்கு ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, அப்பாவோடு, வாப்பும்மாவோடு, கடலுக்குப் போகிற மாமாவோடு பேசி ஊரின் படத்தைக் கீறச் சொல்லுங்கள். எந்த முனைக்கு என்ன பெயர், ஏன் அந்தப் பெயர் என்று பிள்ளையே கேட்டு எழுதட்டும். அந்தப் பெயர்கள் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வாப்பாவுக்கு: உங்கள் மகனோடு பேசுகிறோம், இன்ஷா அல்லாஹ். ஆனால் முதலில் அவன் என்ன விளையாடுகிறான் என்று ஒரு நாள் பக்கத்தில் இருந்து பாருங்கள். போனைப் பறிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

உங்கள் பிள்ளைகள் கீறுகிற படங்களைக் கீழே போடுங்கள். பிழை இருந்தாலும் பரவாயில்லை. எங்கள் கொப்பியிலும் பாதிக் கட்டம் அழித்து அழித்துக் கீறியதுதான்.