தாராவியை நேரில் வரையட்டும் பிள்ளைகள்

இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஓர் ஆறு, கரையில் குடிசையும் தென்னையும். இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் மும்பையின் தாராவியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலரும் இதைத்தான் வரைகிறார்கள். அவர்கள் பார்த்து வளர்ந்த மித்தி ஆறும் தொண்ணூறடி சாலையும் அந்தத் தாளில் இடம்பெறுவதே இல்லை.

மகாராஷ்டிர அரசின் கலை இயக்ககம் எலிமெண்டரி, இன்டர்மீடியட் என்று இரண்டு ஓவியத் தேர்வுகளை நடத்துகிறது. தேறியவர்களுக்குப் பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண் உண்டு. அதற்காகவே டிராயிங் கிளாஸ் போகும் பிள்ளைகள் ஏராளம். எதிரே வைத்த பொருளை வரைவது, நினைவிலிருந்து வரைவது, டிசைன், ஜியோமெட்ரி எல்லாம் அறைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. கை பழகுவதற்கு இவை நல்ல பயிற்சிதான். ஆனால், நகரும் வெயிலையும் நடமாடும் கூட்டத்தையும் பார்த்து வரைய எந்தத் தேர்வும் பிள்ளையைத் தெருவுக்கு அழைத்துப் போவதில்லை.

மும்பைத் தெரு ஓர் ஓவியனுக்கு எவ்வளவு தரும் என்பதை எஸ்.எச். ரஸாவிடம் பார்க்கலாம். மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா மாவட்டத்தில் 1922-ல் பிறந்த அவர், 1943-ல் இந்நகருக்கு வந்து ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்தார். பின்னாளில் ‘பிந்து’ (புள்ளி) ஓவியங்களால் உலகப் புகழ் பெற்ற அவருடைய ஆரம்பகால வாட்டர் கலர் படங்களில் மழையில் நனைந்த மும்பைத் தெருக்கள் இருக்கின்றன. தமிழிலும் முன்னோடி உண்டு. ஆனந்த விகடனின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காக ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிற்பங்களின் எதிரே உட்கார்ந்து வரைந்தார்.

இப்படி நேரில் பார்த்து வரைவது தாராவிக்கு அவசரத் தேவையும்கூட. இங்குள்ள மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஒப்பந்தப்புள்ளியில் 2022-ல் அதானி குழுமம் வென்றது. பழைய தெருக்கள் மாறப்போகும் நிலையில், தாராவியின் குயவர் குடியிருப்பான கும்பார்வாடாவின் சூளைப் புகையும், தீபாவளிக்கு முன் வாசலெங்கும் காயும் அகல்களும் இன்னும் எத்தனை ஆண்டு இதே இடத்தில் இருக்கும்? வெளியூர் கேமராக்கள் தாராவியைப் போதுமான அளவு படம்பிடித்துவிட்டன. அங்கேயே வாழ்பவர்களின் கை வரைந்த தாராவியைப் பார்ப்பது அரிது.

முதல்முறை வரைபவர்கள் மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸில் தொடங்கலாம். மரநிழல் இருக்கிறது, உட்கார இடமும் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி காலைப் பொழுது ஏற்றது. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தால் வாட்டர் கலர் லேசில் காயாது. அஞ்சலட்டை அளவுத் தாள் போதும். முழுத் தெருவுக்கும் ஆசைப்படாமல் ஒரு மரம், ஒரு கடை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் சில்லறை விவரங்கள் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். ஒரு மணி நேரத்தில் நிழல் இடம்மாறிவிடும். அதனால் அதைத்தான் முதலில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். வெயில் விழும் இடத்தில் வண்ணம் வைக்காமல் தாளின் வெள்ளையையே விட்டுவிடலாம்.

புதியவர்கள் மிகவும் தயங்குவது பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பவர்களை நினைத்துத்தான். மும்பையில் அவர்கள் ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் அந்தக் கடை எப்போது வந்தது, எந்த மரம் விழுந்தது என்று அவரே சொல்வார். ஒருவர் முகத்தை வரைவதானால் முதலில் அவரிடம் கேட்டுவிட வேண்டும். தனியாகப் போகக் கூச்சமென்றால் ‘அர்பன் ஸ்கெச்சர்ஸ்’ குழுவோடு சேர்ந்து போகலாம். பத்திரிகை ஓவியர் கேப்ரியல் காம்பனாரியோ 2007-ல் சியாட்டிலில் தொடங்கிய இந்த இயக்கம் மும்பையிலும் இருக்கிறது. நேரில் பார்த்து வரைய வேண்டும் என்பதே அதன் முதல் விதி.

மும்பைத் தமிழ் அமைப்புகள் அரங்கத்துக்குள் நடத்தும் ஓவியப் போட்டிகளில் ஒன்றையாவது இந்தப் பொங்கலுக்குத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் அட்டை, கிளிப், வண்ணப் பெட்டி, தண்ணீர் பாட்டில் கொடுத்தால் போதும். கும்பார்வாடாவுக்கும் செம்பூர் செட்டா நகர் முருகன் கோயில் வாசலுக்கும் ஆசிரியர்கள் அழைத்துப் போகலாம். படங்களைத் தொண்ணூறடி சாலையிலேயே கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும். சாலையின் கடைக்காரர்கள் தங்கள் கடை எந்தத் தாளில் இருக்கிறதென்று தேடி வருவார்கள்.