லிமாவோடு திரும்பிவிடாதீர்கள்

பெரு போகிறவர்களில் பலர் தலைநகர் லிமாவில் செவிச்சே சாப்பிட்டதோடு நாட்டையே ருசித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். 2023-இல் உலகின் முதலிட உணவகமாகத் தேர்வான 'சென்ட்ரல்' அங்கேதான் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் வட்டாரச் சமையலின் உயிர் தெற்கே, அரெகிப்பாவின் 'பிகாந்தெரியா' எனும் மதிய உணவுக்கடைகளில் இருக்கிறது.

தலைமுறை தலைமுறையாகப் பெண்களே நடத்திவரும் கடைகள் இவை. 2014-இல் பெரு அரசு இவற்றைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. நம் அம்மிக்கு உறவுக்காரன் போன்ற 'பத்தான்' கல்லில் மிளகாய் அரைபடும். குடைமிளகாய் மாதிரி அப்பாவியாகத் தெரியும் ரொகோட்டோ, கடித்தால் கண்ணீர் வரவழைக்கும். அதனால் விதை நீக்கி, காரம் தணியக் கொதிநீரில் வேகவைத்து, கொத்துக்கறி அடைத்து, மேலே சீஸ் வைத்து அடுப்பில் சுடுகிறார்கள். கூடவே உருளைக்கிழங்கு அடுக்கு. குடிக்க, முளைகட்டிய கருஞ்சோளத்தில் நொதித்த சிச்சா.

கிழமைக்கொரு சூப்பும் உண்டு: திங்களன்று சாக்கே, செவ்வாயன்று சைரோ. எந்த நாளில் போகிறோம் என்பதும் முக்கியம்!

யானவாரா பகுதியின் 'லா நுவேவா பலோமினோ' நல்ல தொடக்கம். ஆற்று இறால் சூப் வேண்டுமென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை தவிர்க்கலாம். அது இறால் பிடிக்கத் தடைக்காலம்.