நாமகிரித் தாயாரும் பகா எண்களும்

நாமக்கல் மலைக்கோட்டை அடிவாரத்தில் இருக்கும் நாமகிரித் தாயார், கணித மேதை ராமானுஜனின் குலதெய்வம். தாயார் கனவில் வந்து சூத்திரம் சொல்லிக் கொடுத்தார் என்ற கதையை இந்தப் பக்கத்துப் பள்ளி மேடைகளில் கேட்காதவர் குறைவு. ராமானுஜனே அப்படித்தான் நம்பினார். அதில் சண்டை போட ஒன்றுமில்லை. ஆனால் மேடையில் யாரும் சொல்லாத கதை ஒன்று உண்டு. பகா எண் கணக்கில் ராமானுஜன் தப்பு செய்தார்!

1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் 2, 3, 5, 7 போன்றவைதான் பகா எண்கள். ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குள் இவை எத்தனை இருக்கும்? அதற்கு ஒரு சூத்திரம் கண்டுவிட்டதாகவும், பிழை மிக மிகச் சொற்பம் என்றும் 1913-ல் ஹார்டிக்கு எழுதினார் ராமானுஜன். சிறிய எண்களுக்குப் போட்டுப் பார்த்தால் அசத்தலாகப் பொருந்தியது. எண் மிகப் பெரிதாகும்போது அவர் சொன்ன அளவுக்குப் பொருந்தாது.

இதில் கேவலம் ஒன்றுமில்லை, எல்லோரும் ஏமாந்த இடம் அது. காஸ் காலத்துச் சூத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 லட்சத்துக்குள் உள்ள பகா எண்கள் 78,498. சூத்திரமோ சுமார் 78,628 என்கிறது. எங்கே சோதித்தாலும் சூத்திரம் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். எப்போதும் அப்படித்தான் என்று யாருக்கும் தோன்றும் இல்லையா? இல்லை, எங்கோ அது தலைகீழாகும், அதுவும் முடிவில்லாமல் பல தடவை என்று 1914-ல் லிட்டில்வுட் நிரூபித்தார். அப்படி ஓர் இடம் 317 இலக்க எண் ஒன்றின் அருகே இருப்பது பிற்பாடுதான் தெரிந்தது. கோடி கோடியாகச் சோதித்தாலும் நிரூபணம் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

2024 அக்டோபரில் ஒரு பிரம்மாண்டப் பகா எண் கிடைத்தது. 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி 1-ஐக் கழித்தால் வருவது. மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள்! முதலில் ஒரு கணினி 'பகா எண்ணாக இருக்கலாம்' என்றுதான் சொன்னது. அதோடு கொண்டாடிவிடவில்லை. லூகாஸ்-லேமர் என்ற உறுதியான சோதனையை வேறு கணினிகளில் ஓட்டிப் பார்த்த பிறகே அறிவித்தார்கள்.

நம் ஊர் ப்ளஸ் டூ வகுப்பில் நடப்பது வேறு. சூத்திரத்தைக் கட்டம் கட்டி மனப்பாடம் செய்தால் சென்டம். 'ஏன் சார்?' என்று கேட்பவன் நேரத்தை வீணடிக்கிறான். இப்படிப் படிக்கிற பையனுக்குக் கனவுக் கதையை மட்டும் சொன்னால், கணிதம் என்பது மேலேயிருந்து விழுகிற வரம் என்றுதான் நினைப்பான். ராமானுஜனின் தப்பையும் சொன்னால்தான், அவரிடமே 'நிரூபணம் எங்கே?' என்று ஹார்டி கேட்டது அவனுக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குப் பிறகு கேம்பிரிட்ஜில் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைகளும் தெரியும். ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22-ல் கணித தினம் கொண்டாடும் பள்ளிகள், கோலப் போட்டி நேரத்தில் கால் மணியை இதற்கு ஒதுக்கலாம்.