நெல்லுக்கு ஒலிக்காத கருவி

உலோகம் கண்டறியும் கருவியை ஏந்தித் தரிசு நிலங்களில் பழங்காசு தேடுவது மேலைநாடுகளில் வேரூன்றிய பொழுதுபோக்கு. இங்கும் அக்கருவி இன்று எளிதில் விலைக்குக் கிடைக்கிறது. திண்டுக்கல் சமவெளியில் அதைப் பயன்படுத்தலாமா என வரலாற்றார்வம் கொண்ட இளைஞர்கள் கேட்கின்றனர். தேடித் தோண்ட வேண்டாம், தற்செயலாகக் கிடைப்பதைத் தவறாமல் பதிவு செய்யுங்கள் என்பதே நம் விடை.

இம்மண் காசுக்கு வறிய மண் அன்று. பழனியை அடுத்த கலையம்புத்தூரில் 1856-இல் 63 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியே மதுரை நோக்கிச் சென்ற பெருவழியை ஆராய்வோர்க்கு அக்குவியல் இன்றும் சான்றாகிறது. ஊர்ப்பெயரும் ஆண்டும் எண்ணிக்கையும் ஏட்டில் ஏறியதாலேயே அது சான்றாயிற்று. இல்லையேல் அது யாரோ ஒருவர் கழுத்துக்கு அணியாகியிருக்கும்.

ஆர்வலர்களின் தொண்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மாக்கோதை, கொல்லிப்பொறை எனப் பெயர் பொறித்த சேரர் காசுகளை உலகறியச் செய்ததில் சேகரிப்பாளர்க்குப் பெரும்பங்குண்டு. எனினும் கரூர் அமராவதி ஆற்று மணலிலிருந்து வணிகர் கைமாறி வந்த காசு மன்னன் பெயரைச் சொல்லுமேயன்றி, எந்த மண்ணடுக்கில் எப்பொருளோடு கிடந்தது என்பதைச் சொல்லாது.

பழனிக்குத் தென்மேற்கேயுள்ள பொருந்தல் இதனைத் தெளிவாக்கும். 2009, 2010 ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழாய்வு நடத்தினார். ஈமச்சின்னம் ஒன்றில் நான்கு கால் சாடி நிறைய நெல் இருந்தது. அந்நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கரிமக் கணிப்பு காட்டியது. உடன் கிடைத்த பானைத்தாங்கியில் இருந்த தமிழ் பிராமி எழுத்துகளின் காலம் பற்றிய விவாதத்தையே அக்கணிப்பு கிளறிவிட்டது. உலோகக்கருவி நெல்லுக்கு ஒலிக்காது. ஒலி கேட்ட இடத்தில் கடப்பாரையை இறக்குபவர்க்குச் சாடி வெறும் தடை. உடைத்துவிட்டு அப்பால் போவார்.

சட்டத்திலும் குறையுண்டு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் மூல வாசகப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. அரசு அதை எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் தரும். சில கிராம் செப்புக்காசுக்கு அத்தொகை தேநீர்ச் செலவுக்கும் காணாது. ஒருபுறம் சிறை அச்சம், மறுபுறம் சொற்பத் தொகை. பொற்காசு உலைக்குப் போவதில் வியப்பென்ன?

இங்கிலாந்தின் ஹாக்ஸன் என்னும் ஊரில் 1992-இல் தொலைந்த சுத்தியலைக் கருவியால் தேடியவர்க்கு ரோமானியப் புதையல் தட்டுப்பட்டது. அவர் தோண்டுவதை நிறுத்தித் தகவல் தந்தார். தொல்லியலார் முறைப்படி அகழ்ந்தெடுத்தனர். ஏறத்தாழ 15,000 காசுகள். அங்கே கண்டெடுத்தவர்க்குச் சந்தை மதிப்பே வெகுமதி. 1997 முதல் சிறு கண்டெடுப்புகளையும் பதியும் திட்டமும் நடக்கிறது.

இங்கும் இழப்பீடு தொன்மை மதிப்புக்கேற்ப உயர வேண்டும். மாவட்டந்தோறும் கல்லூரி வரலாற்றுத் துறைகளைப் பதிவு மையங்களாக்க வேண்டும். அதுவரை, உழும்போதோ கிணறு வெட்டும்போதோ காசு கண்டால் மேலே தோண்டாதீர்கள். புளியிட்டுத் துலக்காதீர்கள், களிம்போடு எழுத்தும் போய்விடும். சர்வே எண்ணையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு வட்டாட்சியர் வழியாக ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.