நாலு சக்கரம் இழுக்கும், நிறுத்தாது

அக்கா மகன் இசுசு வி-கிராஸ் பிக்கப் வாங்கியிருக்கிறான். நமக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லை ஸ்ரீசிட்டியில் உருவாகும் வண்டி. 1.9 லிட்டர் டீசல் இன்ஜின், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் டார்க். பொங்கல் முடிந்ததும் நண்பர்களோடு மணாலிக்குப் போய், அடல் சுரங்கம் தாண்டி லாஹௌல் வரை பார்த்து வரத் திட்டம். "நாலு சக்கரமும் இழுக்குது மாமா, அப்புறம் என்னா பயம்?" என்றான்.

ராணுவத்தில் ஓட்டுநராக இருந்தவன் நான். ஸ்ரீநகர் - லே சாலையில், சோனாமார்க் தாண்டி சோஜிலா ஏறி திராஸ் வரை கான்வாயில் வண்டி ஓட்டியிருக்கிறேன். வானூர், திண்டிவனம், செஞ்சிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது சொந்த வண்டியிலேயே வடக்கே கிளம்புகிறார்கள். அதனால் அவனுக்குச் சொன்னதை எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

ஃபோர் வீல் டிரைவ் இன்ஜினின் விசையை நாலு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும். புதைந்த இடத்திலிருந்து எழுந்து நகரவும், ஏற்றத்தில் ஏறவும் அது பெரிய துணை. ஆனால் பிரேக் எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்தில்தான் பிடிக்கிறது. சாதாரணக் காருக்கு இல்லாத பிரேக் எதுவும் நம் பிக்கப்புக்குக் கிடையாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, உலர்ந்த தார் சாலையில் பிரேக் அழுத்தினால் சுமார் 9 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 30 மீட்டர் ஓடும். ஐஸ் மேல் 60 மீட்டரையும் தாண்டும். இதெல்லாம் சமதளத்துக் கணக்கு. மலை இறக்கத்தில் சில இடங்களில் வண்டி நிற்கவே நிற்காது. எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் வண்டியைத் தரையோடு பிடித்து வைத்திருப்பது ஒவ்வொரு டயரிலும் உள்ளங்கை அகல ரப்பர்தான்.

2024 டிசம்பரில் மணாலி அருகே சோலாங்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் நடுவே திடீர்ப் பனியில் கிட்டத்தட்ட ஆயிரம் வண்டிகள் மாட்டிக்கொண்டன. பனி பெய்தால் அந்தப் பாதையில் ஃபோர் பை ஃபோர் வண்டிகளை மட்டும் போலீஸ் விடுவதுண்டு. சரியான ஏற்பாடுதான். ஆனால் அப்படி விட்டதாலேயே நமக்கு ஆபத்து இல்லை என்று பையன்கள் நினைத்துவிடுகிறார்கள். அந்த நாட்களில் ஃபோர் பை ஃபோர் வண்டிகளும் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போனதை நாடே கைப்பேசியில் பார்த்தது.

பிக்கப்புக்கென்று தனியாக ஒரு பலவீனம் உண்டு. இன்ஜின், கேபின் எல்லாம் முன்னால். பின்பக்கம் வெறும் தொட்டி. தர்பூசணி லோடு ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போகும்போது ஒழுங்காகப் போகிற வண்டி, காலியாகத் திரும்பும்போது மழைச் சாலையில் பின்னால் ஆட்டம் காட்டுவதை நம்மூர் டிரைவர்கள் எல்லோரும் அறிவார்கள். ஐஸில் அந்த ஆட்டம் பல மடங்கு. பனி அதிகம் உள்ள நாடுகளில் பிக்கப் வைத்திருப்பவர்கள் குளிர்காலம் முழுக்கத் தொட்டியில் மணல் மூட்டை போட்டு வைப்பார்கள். மூட்டை பின் அச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும், நகராதபடி கட்டியிருக்க வேண்டும். சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றால் அதே மணலை அள்ளி டயருக்கு முன்னால் தூவலாம்.

ஓட்டும் விதம் முழுக்கக் காலில் இருக்கிறது. பனி தொடங்கும் முன்பே, நாலு சக்கரமும் இழுக்கும் 4ஹெச் நிலையைப் போட்டுவிட வேண்டும். சறுக்க ஆரம்பித்த பிறகு தேடக் கூடாது. கிளம்பும்போது இரண்டாம் கியர், ஆக்சிலேட்டரில் கால் பட்டும் படாமலும். இறக்கத்தில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி சின்ன கியரில் விட வேண்டும். செங்குத்தான இறக்கம் என்றால் மேலேயே வண்டியை நிறுத்தி, குறைந்த வேகத்துக்கான 4எல் போட்டுக்கொண்டு இறங்கலாம். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். திரும்பும்போது பிரேக்கும் வேண்டாம், ஆக்சிலேட்டரும் வேண்டாம். பின்பக்கம் வலது பக்கம் போனால் ஸ்டியரிங்கையும் வலது பக்கமே மெதுவாகத் திருப்பி, கிளட்ச்சை மிதித்து, வண்டி நேராகும் வரை பொறுக்க வேண்டும். அந்த ஒரு நொடியில் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். அதை அடக்கப் பழகுவதுதான் கடினம். இதில் பாதியை நம்மூரிலேயே பழகலாம். ஐப்பசி மழையில் ஊறிய இரும்பை கிராமத்துச் செம்மண் பாதையில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், 15 கிலோமீட்டர் வேகத்தில் காலி வண்டியை ஓட்டிப் பார்த்தால் சக்கரம் பிடி விடும் கணம் உடம்புக்குத் தெரியும். (காய்ந்த தாரில் மட்டும் 4ஹெச் போட்டு ஓட்டக் கூடாது. இந்த வகை வண்டியில் கியர் அமைப்பு முறுக்கிக்கொள்ளும்.)

டயர் விஷயத்தில்தான் எனக்கு அதிகக் கவலை. நம் வெயிலுக்குச் செய்த டயர், குளிர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போகப் போக விறைத்துப் பிடியை இழக்கிறது. குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாகவே இருக்கும். அதன் மேல் உள்ள நுண்ணிய கீறல்கள் பனியைக் கவ்வும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த டயர் சட்டப்படிக் கட்டாயம். இங்கே அது கிடைப்பது அரிது. ஆகவே டயர் மேல் மாட்டும் பனிச் சங்கிலிதான் வழி. முடிந்தால் நாலு சக்கரத்துக்கும் மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது.

இன்னொன்று, நேரம். பகல் வெயிலில் உருகி ஓடும் நீர், வெயில் சாய்ந்ததும் சாலையோடு சாலையாக உறையும். நிறமே இருக்காது. ஈரத் தார் போலத்தான் தெரியும். இதைத்தான் பிளாக் ஐஸ் என்பார்கள். மலை நிழல் விழும் வளைவுகளிலும், மேலும் கீழும் காற்றுப் படும் பாலங்களிலும்தான் அது முதலில் உறையும். காலையில் வெயில் ஏறிய பிறகு கிளம்பி, பிற்பகலுக்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். ராத்திரி ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் விடியலில் அது உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும்.

குளிர் வண்டியையும் சோதிக்கும். ராணுவத்தின் வடக்குப் படைப்பிரிவு 2023-இல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பைச் சேர்த்துக்கொண்டபோது, 13,000 அடிக்கு மேலே, உறைபனியில் சோதித்த பிறகே சேர்த்தது. குளிரில் டீசலே கட்டிப்படும். அதற்காக இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலைக் கொண்டுவந்தது. எங்கள் காலத்தில் விடியற்காலையில் இன்ஜினை உயிர்ப்பிப்பதே ஒரு தனி வேலை. சாலையும் இப்போது மாறிவிட்டது. ஒரு காலத்தில் குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த சோஜிலா, 2025-இல் 32 நாள் மட்டுமே மூடியிருந்து ஏப்ரல் 1-ஆம் தேதி திறந்தது. பனிச்சரிவுக்கு அடியில் நின்று அந்தச் சாலையை வெட்டித் திறக்கும் எல்லைச் சாலைகள் அமைப்பின் தொழிலாளர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. அவர்கள் மூடிவிட்டோம் என்று சொன்னால், எவ்வளவு பெரிய வண்டி வைத்திருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

பையன் போகட்டும். மலையை வண்டியோட்டிப் பார்ப்பது பெரிய சந்தோஷம், அதை நான் தடுக்கவில்லை. சங்கிலியை மட்டும் இங்கேயே வாங்கி, வாசலில் வைத்து மாட்டிக் கழற்றிப் பழகச் சொல்லியிருக்கிறேன், அதுவும் கையுறை போட்டுக்கொண்டு. அங்கே விரல் மரத்துப்போன பிறகு கொக்கி எங்கே இருக்கிறது என்று தேட முடியாது.